வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

உக்காருங்க, உக்காருங்க. இந்த ஃபைலை எடுத்துக்கிறேன். பெஞ்சு ஒண்ணும் என் பேர்ல ரிசர்வ் பண்ணதில்ல. கோயமுத்தூர் வண்டிக்குங்களா? ஓ, ஆள் கூப்பிட வந்திருக்கீங்களா. மெட்ராஸ்லேர்ந்து மகள் வர்றாங்களா, சந்தோஷம். வண்டி எத்தனை மணிக்கு? பன்னெண்டே காலுக்கு வர்ற வண்டிக்குப் பதினோரு மணிக்குள்ள வந்து உக்காந்துட்டீங்க பாருங்க, இதுதாங்க எனக்குப் புடிச்சது. நீங்க எங்க வீட்டு ஆளுங்களுக்கு வந்து ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்கணும்.

நான் கோயமுத்தூர் போறேன். ஆமாங்க, இப்பக் கிளம்பிப் போச்சே, அதுவும் கோயமுத்தூர் வண்டிதான். கூட்டமா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு போச்சு. அதுல கூட்டமில்லதான். ஏறணும்னு தோணல. அடுத்தது வரட்டும், போயிக்கலாம்.

தனியா வரலீங்க. திருச்சியில காலையில ஏழு பத்துக்கு அஞ்சு பேரா ஏறினோம். நானு, என் சம்சாரம், மகள் ரஞ்சனி, மாப்பிள்ளை, பேத்தி. ஆறு நாளு, மூணு ஊரு. கோயமுத்தூர், பெங்களூர், மைசூர், திரும்பத் திருச்சி. எல்லாம் ரயில்லயே. பத்து இருவதுக்கு வண்டி இந்த ஈரோட்டுல நின்னுச்சு. நாலு பேரும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்கி, ஆட்டோ புடிச்சு, என் மச்சினன் வீட்டுக்குப் போயிட்டாங்க. ஈரோட்டுல இறங்குறதுங்கிறது பிளான்லயே கிடையாது. நான் எதுக்கு இறங்கினேன்னா, பேத்தி என் விரலைப் புடிச்சிருந்தா, விடல. இறங்கினதுக்கப்புறம் விட்டுட்டா. இப்ப எங்கிட்ட இருக்கிறது இந்த ஃபைல் ஒண்ணுதான்.

அந்த வீட்டுக்கு நான் போறதில்லீங்க. ஒம்போது வருஷமாப் போறதில்ல.

ஃபைலைப் பாக்குறீங்களா? பாருங்க. இப்படி ஒரு பிளான் எவனாவது போட்டிருப்பானான்னு நீங்களே சொல்லுங்க. நான் கணக்கு வாத்தியாரு. உதவித் தலைமையாசிரியரா ரிட்டயர் ஆனேன். எங்க ஸ்கூல்ல டைம்டேபிள் போடுறது இருவத்திரெண்டு வருஷம் நான்தான். நாப்பத்தியோரு வாத்தியாரு, முப்பது செக்‌ஷன், ஒரு லேபு, ஒரு கிரவுண்டு. ஒரு நாள் ஒரு பீரியடு மோதினதில்ல. தமிழய்யாவுக்கு மதியம் தூக்கம் வரும், அவருக்குச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடு குடுக்க மாட்டேன். அந்த அளவுக்குப் பாத்துப் போடுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு அஞ்சு பேரை ரயில்ல ஏத்தி இறக்கத் தெரியாதா?

இந்தக் கட்டத்துல வண்டி. இதுல கிழமை. இது திசை. இது சூலம். இது ராகு காலம். இது சாப்பாடு, கரூர் வரைக்கும் இட்லி, அதுக்கு மேல எலுமிச்சம்பழ சாதம். கடைசிக் கட்டம் மாத்திரை. எனக்குச் சக்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். என் சம்சாரம் வாங்கி மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சா. "இதுல நான் எங்கங்க இருக்கேன்?"னு கேட்டா. என்னடி இப்படிக் கேக்குறே, உன் பேருக்கு நேரா ஜன்னலோர சீட்டு போட்டிருக்கேனேன்னு காமிச்சேன். அஞ்சு பேர்ல ஜன்னலோரம் ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு பேத்திக்கு, ஒண்ணு அவளுக்கு. அதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்யறது?

திசை எதுக்குன்னா கேக்குறீங்க? இந்தப் பக்கத்துல காலண்டர் கிழிக்கிற வழக்கம் இல்லீங்களா? இருக்குல்ல. அதுல கீழ போட்டிருப்பான் பாருங்க, சூலம்னு. அந்தக் கிழமையில அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. ஞாயிறு, வெள்ளி மேற்க போகக் கூடாது. திங்க, சனி கிழக்க கூடாது. செவ்வா, புதன் வடக்க கூடாது. வியாழன் தெக்க கூடாது. இதை வெச்சுக்கிட்டு மூணு ஊருக்கு ரயில் டிக்கெட் போட்டுப் பாருங்க, அப்ப தெரியும். திருச்சிக்குக் கோயமுத்தூர் மேற்க. கோயமுத்தூருக்குப் பெங்களூர் வடக்க. பெங்களூருக்கு மைசூர் மேற்க. மைசூர்லேர்ந்து வீட்டுக்குக் கிழக்க. பேத்திக்குக் காலாண்டு லீவு இத்தனாந் தேதிலேர்ந்து இத்தனாந் தேதி வரைக்கும். மாப்பிள்ளைக்கு ஆறு நாள்தான் லீவு. ஒரு காலை இழுத்தா இன்னொரு கால் வெளிய நிக்குது. மேற்க போறதுக்குச் சனிக்கிழமை சரியா வந்தா, வடக்க போறது செவ்வாக்கிழமையில வந்து நிக்கும். அதைச் சரி பண்ணா வண்டியில இடமில்ல. ஏழு பிளான் போட்டுக் கிழிச்சேன். இது எட்டாவது.

மாப்பிள்ளை நல்ல பையன்தான். ஆனா "மாமா, கார்லயே போயிடலாமே"ன்னாரு. காருக்கு என்ன டைம்டேபிள் இருக்கு? பேத்தி ரயில்லயே போனதில்லன்னு ஏங்கிக் கிடக்குது, அதுக்காகத்தானே இந்தப் பாடு. ரஞ்சனி என்ன சொன்னா தெரியுங்களா? "அப்பா, நீங்க ரயிலைப் பாத்துப் பிளான் போடுறீங்களா, ராகுவைப் பாத்துப் போடுறீங்களா?"ன்னு. கிண்டல். ரெண்டையும் பாத்துத்தான் போடுறேன். அதுதானே கஷ்டம்.

என் சம்சாரம் பேரு தையல்நாயகி. அவ ஊர்ப்பக்கம் வைத்தீஸ்வரன் கோயில், அந்தச் சாமி பேரு. தம்பி பேரு முத்துக்குமரன், அதுவும் அதே கோயில் சாமி பேருதான். பொறந்தது அக்காளும் தம்பியும் ரெண்டே பேரு. அவன் சின்ன வயசுல இந்த ஊருக்கு வந்து ஜவுளிக்கடையில வேலைக்கு நின்னு, அப்புறம் சொந்தமா ரெடிமேட் கடை போட்டான். இங்கதான் கொல்லம்பாளையம் பக்கம் வீடு.

அவ நான் பிளான் போட உக்காந்த முதல் நாளே ஆரம்பிச்சா. "ஏங்க, போறப்பவும் ஈரோடு வழியாத்தான் போவுது, பெங்களூர் போறப்பவும் ஈரோடு வழியாத்தான் போவுது. ரெண்டு தடவை தாண்டுறோம். ஒரு தடவை அரை நாள் இறங்கிக்கலாமே"ன்னா. நான், ஈரோட்டுல பாக்க என்னடி இருக்குன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க இந்த ஊர்க்காரரு. சுத்திப் பாக்க என்ன இருக்கு, சொல்லுங்க? அவ எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் ஒரு நாள் கறிவேப்பிலை உருவிக்கிட்டே, "ஒரு மணி நேரம் போதுங்க"ன்னா. பிளான்ல இடமில்லன்னுட்டேன். மூணாவது தடவை அவ கேக்கவே இல்ல. சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன்.

என்னங்க? தம்பியைப் பாக்கத்தான் கேட்டிருப்பான்னு எனக்குத் தெரியாதான்னு கேக்குறீங்களா? தெரியுங்க. தெரியாம என்ன. ஆடி மாசம் அவனுக்கு இடது பக்கம் இழுத்துக்கிச்சு. கையும் காலும். ஆஸ்பத்திரியில பதினஞ்சு நாள் இருந்தான். இப்ப வீட்டுக்கு வந்துட்டான், வீல்சேர்ல உக்கார வெக்கிறாங்க. நான் ஒண்ணும் போவாதேன்னு சொல்லலீங்க. நீ வேணா போய்ட்டு வா, நான் வர மாட்டேன், அப்படின்னுதான் சொன்னேன். ரெண்டும் வேற வேற இல்லியா? அவ போகல. தனியா பஸ் ஏறிப் பழக்கமில்ல அவளுக்கு. முப்பத்தஞ்சு வருஷமா நான் எங்க கூட்டிட்டுப் போறேனோ அங்கதான் வருவா. தினம் சாயந்திரம் நாலு மணிக்கு போன் போட்டுப் பேசிக்கிட்டிருந்தா. அவன் பேச்சு குழறுது, பாதி புரியாது. இவ பாட்டுக்கு "ம், ம்"னு கேட்டுக்கிட்டிருப்பா.

ஒண்ணுமில்ல, என் போன்தான் அடிக்குது. அடிக்கட்டும்.

எதுல விட்டேன்? ஆங், எட்டாவது பிளான். அதுல ஒரே ஒரு குறை. முதல் நாளே குறை. டிக்கெட்டு வெள்ளிக்கிழமைக்குத்தான் கெடச்சுது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். என் சம்சாரம், "காலண்டர்லயே பரிகாரம் போட்டிருக்குங்க, வெல்லம் ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டுக் கிளம்பலாம்"னா. எனக்குச் சக்கரைடி, வெல்லத்தைத் தின்னுட்டு எங்க கிளம்புறதுன்னேன். அப்பத்தான் பரஸ்தானம் வெச்சிடலாம்னு முடிவு பண்ணேன்.

கேள்விப்பட்டதில்லியா? பயணம் போற நாள் சரியில்லன்னா, அதுக்கு முன்னாடி நல்ல நாள்ல, நல்ல நேரத்துல, நம்ம பையை ஒண்ணை எடுத்துட்டுப் போய் வேற ஒருத்தர் வீட்டுல வெச்சிடறது. பை வீட்டை விட்டுக் கிளம்பிட்டாப் பயணம் அப்பவே கிளம்பிட்டதாக் கணக்கு. மறுநாள் நம்ம போறப்ப அந்தப் பையை வாங்கிக்கிட்டுப் போவணும். அதைத் திரும்ப வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வரக் கூடாது. நாங்க எப்பவும் எதிர்வீட்டு ரோஸ்லின் டீச்சர் வீட்டுல வெப்போம். அவங்க எங்க ஸ்கூல்லயே சயின்ஸ் எடுத்தவங்க. ஒரு வார்த்தை கேக்காம வாங்கி, மாதா படத்துக்குக் கீழ வெச்சிடுவாங்க. இருவது வருஷமா அந்த மாதாதான் என் பையைப் பாத்துக்குறாங்க.

நேத்து வியாழக்கிழமை காலையில பையைக் கட்டச் சொன்னேன். என் வேட்டி ரெண்டு, சட்டை ரெண்டு, ஷேவிங் சாமான், ஆறு நாளைக்கு மாத்திரை. பத்தே முக்காலுக்குள்ள டீச்சர் வீட்டுல குடுத்துடுன்னேன். குடுத்துட்டு வந்தா, நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். இன்னிக்குக் காலையில வாங்கப் போனா டீச்சர் ஒரு மாதிரி நிக்கிறாங்க. "அக்காகிட்டக் கேளுங்க சார்"ங்கிறாங்க. இவ, "எடுத்தாச்சு, வாங்க, நேரமாவுது"ங்கிறா. நேரமாவுதுன்னு என்கிட்டயே சொல்றா, பாருங்க. ஆட்டோவுல ஏறிட்டேன்.

கரூர் வர்றதுக்குள்ள இட்லி தின்னுட்டு மாத்திரை குடுன்னேன். பிளான்ல அப்படித்தான் இருக்கு. இவ கையைத் தொடச்சுக்கிட்டு, நிதானமா, "மாத்திரை பரஸ்தானப் பையில இருக்கு"ன்னா. பை எங்கன்னேன். "ஈரோட்டுல இருக்கு. முத்து வீட்டுல"ன்னா.

எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறந்தான் ஒவ்வொண்ணா வெளிய வருது. ரோஸ்லின் டீச்சர் மகன் இந்த ஊர்ல பேங்க்ல இருக்கான். லீவுக்கு வந்தவன் நேத்து மதியம் திரும்பிப் போயிருக்கான். அவன்கிட்டக் குடுத்தனுப்பிட்டா. டீச்சருக்குத் தெரியும். ரஞ்சனிக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும், அவரு சாயந்திர வண்டிக்கு இங்கேர்ந்து கோயமுத்தூருக்கு டிக்கெட்டே போட்டு வெச்சிருக்காரு. அந்தப் பேத்தி இருக்கு பாருங்க, ஆறு வயசு, அதுக்குக் கூடத் தெரியும். "தாத்தா, ஷாக் ஆயிட்டீங்களா?"ன்னு கேக்குது.

கத்திட்டேன். ஆமாங்க, பெட்டி முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. யாரைக் கேட்டுடி என் பையை அனுப்புனேன்னேன். அவ சத்தமே போடல. "நீங்கதானே சொல்லுவீங்க, பை எங்க இருக்கோ பயணம் அங்கேர்ந்துதான்னு. பையை வாங்காம மேல போனா உங்க கணக்குப்படி சூலத்துலதான் போறோம். எறங்கி வாங்கிக்கிட்டுப் போவோம்"ன்னா. முப்பத்தஞ்சு வருஷம் என் பக்கத்துல உக்காந்து பாடம் கேட்டுட்டு, என் கணக்கை வெச்சே என்னைப் புடிக்கிறா. கணக்கு சரியாத்தானே இருக்கு. ஆறு நாளு ஒவ்வொரு மணி நேரமும் பாத்துப் போட்டவனுக்கு இந்த ஒரு பையைப் பாக்கத் தெரியல. அதுதாங்க என் வயித்தெரிச்சல்.

பிளான் போட்டவனுக்கு ஒரு மரியாதை வேணாமா? நேரா வந்து கேட்டிருக்கலாம் இல்ல? ரெண்டு தடவை கேட்டாதான், ஆனா அதை ஒரு மாதிரி கேட்டா. கறிவேப்பிலை உருவிக்கிட்டே கேக்குறதெல்லாம் கேக்குறதா?

அந்த ஒம்போது வருஷக் கதையைச் சொல்லிடறேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. ரஞ்சனி கல்யாணம். திங்கக்கிழமை முகூர்த்தம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் எல்லாரும் மண்டபத்துக்கு வர்றாங்க. தாய்மாமன் சீர் நாலு மணிக்கு வந்துடணும்னு நான் பத்திரிகையோடயே எழுதிக் குடுத்திருந்தேன். ஏன்னா நாலரைக்கு ராகு காலம், ஆறு மணி வரைக்கும். இவன் வந்து இறங்குறான் நாலு நாப்பதுக்கு. ராகு காலம் பொறந்து பத்து நிமிஷம். பஸ்ஸு எங்கியோ நின்னுடுச்சாம். இருவத்தியோரு தட்டு. அவனும், அவன் சம்சாரமும், கூட இந்த ஊர்லேர்ந்து வந்தவங்களும் ஆளுக்கு ஒரு தட்டு கையில வெச்சுக்கிட்டு மண்டபத்து வாசல்ல நிக்கிறாங்க. நான் போய் நிறுத்திட்டேன். முத்து, ராகு காலம், ஆறு மணிக்கு உள்ள வான்னேன்.

ஒரு மணி இருவது நிமிஷம். அவ்வளவுதாங்க. நாற்காலி அனுப்பினேன். உக்காரல. காப்பி அனுப்பினேன். வேணாம்னுட்டான். நின்னான். தட்டைக் கூடக் கீழ வெக்கல. அது அவன் புடிச்ச பிடிவாதம், நான் நிக்கச் சொல்லல.

ஆறு மணிக்கு உள்ள வந்தான். தட்டை வெச்சான். மறுநாள் மாலை எடுத்துக் குடுத்தான், பொண்ணைக் கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டி வந்தான், தாய்மாமன் செய்ய வேண்டியதுல ஒண்ணு குறை வெக்கல. தாலி கட்டி முடிஞ்சதும் பந்தியில உக்காராமக் கிளம்பிப் போயிட்டான். என் பொண்ணு கல்யாணத்துல சாப்பிடாமப் போறான்! இதை விட ஒருத்தனை எப்படிங்க அவமானப்படுத்துறது? அத்தனை சொந்தக்காரங்களும் கேக்குறாங்க, மச்சினன் எங்க, மச்சினன் எங்கன்னு. அந்த வலி எனக்கு இன்னிக்கும் இருக்கு. அவனா வந்து ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. நானும் போகல.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா? அவங்க புதுக்கோட்டையிலேர்ந்து வேன்ல வந்தாங்க. அஞ்சு பத்துக்கு.

ஆமாங்க, அதுவும் ராகு காலந்தான். அவங்களை எப்படிங்க வாசல்ல நிக்க வெக்கிறது? சம்பந்தி வீடு. மேளத்தோட போய் உள்ள கூட்டிட்டு வந்தோம். வேன் அவனைத் தாண்டித்தான் உள்ள போச்சு. அவன் தட்டோட கொஞ்சம் ஓரமா நகந்து வழி விட்டான்.

என்னங்க அப்படிப் பாக்குறீங்க? நம்ம ஆளுங்கன்னாத்தானே நாலு வார்த்தை சொல்ல முடியும், நில்லுன்னு சொல்ல முடியும். வேத்து ஆளுங்ககிட்ட அந்த உரிமை உண்டா? அவன் என் கூடப் பொறக்காத தம்பி மாதிரி. அதனாலதான் சொன்னேன். இதை யாருக்கும் புரிய வெக்க முடியல. இன்னிக்கு ரயில்ல மாப்பிள்ளை கேக்குறாரு, "எங்க வேன் வந்தப்ப வெளிய தட்டோட நின்னது இவங்கதானா மாமா?"ன்னு. ஒம்போது வருஷம் கழிச்சுக் கேக்குறாரு. அப்ப அவரு சமையல்காரங்கன்னு நினைச்சாராம்.

நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லீங்க. கணக்கு வாத்தியாரு. பூனை குறுக்க போனா நிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். எங்கப்பா ஒரு வெள்ளிக்கிழமை, கரூர்ல ஒரு வேலையாப் போறேன்னு கிளம்பினாரு. மணி பத்தே முக்கால். எங்கம்மா, பன்னெண்டுக்கு மேல போங்களேன்னாங்க. "பஸ்ஸு பன்னெண்டு வரைக்கும் நிக்குமா?"ன்னு சிரிச்சுக்கிட்டே போனாரு. குளித்தலைக்கு இந்தப் பக்கம் பஸ்ஸு கவுந்து போச்சு. எனக்குப் பதினோரு வயசு. வெள்ளிக்கிழமை, மேற்க, ராகு காலம். மூணும் சேந்து வந்துச்சு. அன்னியிலேர்ந்து எங்கம்மா நான் பள்ளிக்கூடம் கிளம்பறதைக் கூடக் காலண்டர் பாத்துத்தான் அனுப்புவாங்க. அந்தப் பயம் எனக்கு எங்க போவும்? போற ஆளு திரும்பி வரணுமே, அவ்வளவுதான். அதுக்குத்தான் இத்தனை கட்டம்.

என் சம்சாரத்துக்கு இது தெரியும். இறங்குறப்ப சொன்னா, "உங்கப்பாவுக்காகத்தான் இத்தனை வருஷம் நான் வாயே திறக்கல. இப்ப என் தம்பிக்காகக் கேக்குறேன், வாங்க"ன்னா. கூப்பிட்டாதான். இல்லன்னு சொல்லல. நான் மணியைப் பாத்தேன். பத்து இருவத்தஞ்சு. வீட்டுக்குப் போய்ச் சேர்றப்போ பத்தரை தாண்டிடும். வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். ஒம்போது வருஷம் கழிச்சு ஒரு வீட்டுக்குப் போறேன், நோயாளி இருக்கிற வீடு, ராகு காலத்துல காலை வெச்சா நல்லாவா இருக்கும்? அதைத்தான் சொன்னேன். நான் வரல, கோயமுத்தூர் போறேன், அப்படியே வந்தாலும் பன்னெண்டுக்கு மேலதான்னேன். பேத்தி கையைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா. தனியாப் போகத் தெரியாதுன்னு நினைச்சேன், பாருங்க, ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்காமப் போறா.

ரூம் போட்டிருக்கேன் கோயமுத்தூர்ல. பன்னெண்டு மணிக்கு அங்க இருக்கணும். இனிமே எங்க இருக்கறது. அந்தக் கட்டத்தை அடிச்சுட்டேன், பாருங்க. அடுத்த கட்டத்தையும் அடிக்கணும். ஒண்ணு சரிஞ்சா எல்லாம் சரியும், டைம்டேபிள் அப்படித்தான்.

மறுபடியும் போனு. இத்தோட ஆறாவது தடவை. எடுத்துடறேன், இல்லன்னா விட மாட்டாங்க. கொஞ்சம் இருங்க.

ஹலோ. சொல்லு. ஸ்டேஷன்லதான் இருக்கேன். எங்கியும் போகல. வண்டி கூட்டம். சாப்பிட்டாச்சா எல்லாரும்? ஏன் சாப்பிடல? எனக்காக எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும், புள்ளைக்குப் பசிக்காதா? நான்தான் சொன்னேனே, பன்னெண்டுக்கு மேல... யாரு? முத்துவா? என்ன சொல்றான்?

எங்க நிக்கிறான்?

நிக்கிறான்னா? அவனால எப்படிடி நிக்க முடியும்? யாரு எழுப்பி விட்டது? நீ சொன்னியா அவன்கிட்ட, நான் ராகு காலம் பாத்து உக்காந்திருக்கேன்னு? அதை ஏன் சொன்னே? அவன் என்னங்கிறான்? சரியாச் சொல்லு, எனக்குக் கேக்கல, இங்க வண்டி சத்தம்.

"அத்தான் வெளிய இருக்கிறப்ப நான் உள்ள உக்காந்திருக்க மாட்டேன்"ங்கிறானா.

எவ்வளவு நேரமா? அரை மணி நேரமா? கேட்டைப் புடிச்சுக்கிட்டா? ஒத்தைக் கையால எப்படிடி புடிப்பான்? நாற்காலி போட்டியா? உக்காரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. உக்கார மாட்டான், எனக்குத் தெரியும், அவன் உக்கார மாட்டான். அன்னிக்கும் நாற்காலி அனுப்பினேனே, உக்காந்தானா? மாப்பிள்ளையை ஒரு பக்கம் தாங்கிப் புடிக்கச் சொல்லு. போனை அவன் காதுல வை. வை, சொல்றேன்.

முத்து. டேய் முத்து. நான்தான்டா, அத்தான். உள்ள போடா. கேக்குதா? உள்ள போய் உக்காரு. வர்றேன்டா நானு. ...என்னடா சொல்றே? புரியல. மெதுவாச் சொல்லு. ...ம். ...ம்.

ம். சரி. சரிடா.

வெச்சுட்டாங்க.

பேச்சு பாதி புரியலீங்க. ஏதோ பையைப் பத்திச் சொல்றான், பத்திரமா வெச்சிருக்கேங்கிறான். டாக்டரு நிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காராம், அறிவிருக்கா அவனுக்கு? எப்பப் பாத்தாலும் இந்தப் பிடிவாதம். அன்னிக்கும் இப்படித்தான், உக்காந்து தொலைச்சிருந்தா என்ன? நான் என்ன...

மணி என்னங்க ஆச்சு? பதினொண்ணு அஞ்சா. பன்னெண்டு ஆவ இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. கொல்லம்பாளையம் எந்தத் திசைங்க இங்கேர்ந்து? இல்ல, வேணாம். சொல்லாதீங்க. எந்தப் பக்கமா இருந்தா என்ன.

ஆட்டோ எந்த வாசல்ல நிக்கும்? பெரிய வாசல்லயா? சரிங்க. ஃபைலா? கெடக்கட்டும் விடுங்க, உங்க மகள் வண்டி வர்ற வரைக்கும் விசிறிக்கிங்க. அம்பத்தஞ்சு நிமிஷமெல்லாம் அவனால நிக்க முடியாதுங்க. நான் போறேன்.